ஷெட்டுத் தரைக்குப் பூச்சு பார்த்த கதை

வேப்பங்கேணி பேரூராட்சியின் தண்ணீர் லாரி டிரைவர் பங்கிராஸ் வழுக்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு. விழுந்ததில் தப்பில்லை. யார்தான் விழவில்லை? அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் தப்பு.

லாரி நிற்கும் ஷெட்டில் சிமெண்டுத் தரை. பதினெட்டு வருஷமாக லாரி சொட்டிய எண்ணெயையெல்லாம் குடித்துக் குடித்து அது கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது. ஷெட்டை ஒட்டியே மேல்நிலைத் தொட்டி. தொட்டியில் ஒரு கசிவு உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே பழகிவிட்டது. அன்றைக்கு இரவெல்லாம் ஐப்பசி மழை வேறு. பங்கிராஸ் கேபினிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினார். கால் ஒரு பக்கம் போனது, அவர் இன்னொரு பக்கம் போனார்.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "வாலெலும்புல கீறல் விட்டிருக்கு. இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவை இப்படி விழுந்தீங்கன்னா ஸ்டியரிங்கை மறந்துற வேண்டியதுதான்" என்றார். பங்கிராஸுக்கு வயது ஐம்பது. இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறார்; அதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஓய்வு பெற இன்னும் பத்து வருஷம் கிடக்கிறது. பத்து வருஷம் அந்தத் தரையில் தினமும் நாலு தடவை இறங்கி ஏறினால் மொத்தம் எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

அவருடைய மனைவி அமலராணியின் தம்பி லியோ, குவைத்தில் ஆறு வருஷம் அடுக்குமாடி கார் நிறுத்தங்களுக்குத் தரை போட்டவன். ஊருக்கே திரும்பிவிட்டவனைப் பங்கிராஸ் ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். லியோ குத்தவைத்துத் தரையை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல மச்சான். எண்ணெய் ஊறின மேல்தோலை மெஷின் வச்சுக் கொத்தி உரசி எடுத்துறணும். அடியில ஈரம் இருக்கான்னு பாக்கணும். இருந்தா மொத அந்தத் தொட்டிக் கசிவை அடைக்கணும். அப்பறம் எபாக்சிங்கிற பிசின் பூச்சு ரெண்டு கோட், ஈரமா இருக்கறப்பவே மேல மணல் தூவி விட்டம்னா கால் அப்பிடியே புடிச்சு நிக்கும். அஞ்சு நாள் வேலை."

பங்கிராஸ் அன்றைக்கே செயல் அலுவலர் சிவபிரகாஷிடம் போய்ச் சொன்னார். செயல் அலுவலர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "வாயால சொன்னா நான் எந்த ஃபைல்ல வைக்கிறது? எழுதிக் குடுங்க" என்றார். பங்கிராஸ் எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் பதில் வந்தது. தரைக்கு அல்ல, அவருக்கு.

"பார்வையில் கண்ட தங்கள் மனுவில், அரசு வாகனத்திலிருந்து அரசு எண்ணெய் அரசுத் தரையில் சிந்தியுள்ளதைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். மேலும் தாங்கள் விழுந்த நேரம் காலை 6.15 எனத் தெரிகிறது. அலுவலக நேரம் 10.00. அலுவலக நேரத்திற்கு முன்பாக, முன் அனுமதி பெறாமல், அரசுத் தரையில் விழுந்தது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

பங்கிராஸ் அதை ஏழு தடவை படித்தார். படிக்கப் படிக்கத் தான் வேண்டுமென்றேதான் விழுந்தோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இளநிலை உதவியாளர் தேவிப்ரியாதான் இரக்கப்பட்டுப் பதில் எழுதிக் கொடுத்தாள். "இனி வரும் காலங்களில் தக்க அனுமதி பெற்ற பின்னரே விழுவேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"இப்பிடி எழுதலாமா தாயி?"

"இப்பிடி எழுதினாத்தாண்ணே ஃபைல் நகரும்."

நகர்ந்தது. மறுவாரமே 'வாகனக் கூடத் தரைப் பூச்சுத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் செயல் அலுவலர். உறுப்பினர் இளநிலைப் பொறியாளர் நிலவழகன்; சட்டைப்பையில் எந்நேரமும் இரும்பு டேப் வைத்திருப்பார், கண்ணில் பட்டதை அளப்பார். குறிப்பெடுக்கத் தேவிப்ரியா. விழுந்தவர் என்ற முறையில் பங்கிராஸ் சிறப்பு அழைப்பாளர். அதாவது டீ வாங்கிவர.

முதல் கூட்டத்தில் செயல் அலுவலர் முக்கால் மணி நேரம் பேசினார். "ஒரு தரையைச் சாதாரணமா நெனைக்கக் கூடாது. நம்ம எல்லாரும் அதுமேலதான் நிக்கிறோம். நான் சர்வீஸ்ல சேர்ந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு முடிவுகூட அவசரப்பட்டு எடுத்ததில்லை. சில முடிவுகளை எடுத்ததே இல்லை. அதனாலதான் எம்மேல ஒரு ரிமார்க் கிடையாது." பொறியாளர் கைதட்டினார். பங்கிராஸ் கையில் டீ கிளாஸ் இருந்ததால் தட்ட முடியவில்லை. கூட்டத்தின் முடிவு: பூச்சு பத்து வருஷம் நீடித்து உழைக்க வேண்டும், அது உழைக்கும் என்பது பூசுவதற்கு முன்பே நிரூபிக்கப்பட வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஷெட்டுத் தரையில் ஆளுக்கொரு கட்டமாக ஒன்பது மாதிரிகள் பூசினார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மறுநாள் ஷெட்டு வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'சோதனை நடைபெறுகிறது. மிதிக்காதீர்கள். — செயல் அலுவலர்'. கீழே கையெழுத்தும் முத்திரையும்.

"அப்ப லாரியை எங்கிட்டு சார் நிறுத்த?" என்று கேட்டார் பங்கிராஸ்.

"வெளியில நிறுத்துங்க. லாரி ஏறினா பூச்சு கெட்டுருமில்ல?"

"லாரி ஏறுறதுக்குத்தானே சார் பூச்சு?"

செயல் அலுவலர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பங்கிராஸ், நீங்க டிரைவர். அந்தக் கண்ணுலயே பாக்குறீங்க."

அன்றிலிருந்து லாரி புளியமரத்தடியில் நின்றது. காக்கை எச்சத்தைக் கழுவுவது பங்கிராஸின் பொறுப்பு. கட்டங்களை ஆடு, கோழி, மனிதர் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு என்று தனியாக ஓர் உத்தரவு வந்தது. மூன்று மாதம் அவர் மண்ணில் இறங்கி மண்ணில் ஏறினார், ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அதையும் குழு குறித்துக்கொண்டது: 'குழு அமைக்கப்பட்டதிலிருந்து விழுதல் முற்றிலும் நின்றுள்ளது.'

நான்காவது கூட்டத்தில்தான் எடைப் பிரச்சினை எழுந்தது. நிறை லாரி பதினாறு டன். அந்த எடையைப் பூச்சு தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆனால் லாரியை ஏற்றக் கூடாது. பொறியாளர் நிலவழகன் கால்குலேட்டரைத் தட்டினார். ஆளுக்கு அறுபது கிலோ என்று வைத்தால் இருநூற்று அறுபத்தாறு பேர், அதோடு நாற்பது கிலோவில் மெலிந்த ஆள் ஒருவர். சரியாக வந்துவிட்டது என்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆட்டோவில் மைக் கட்டி, "பொதுமக்கள் நாளை காலை பத்து மணிக்குப் பேரூராட்சி லாரி ஷெட்டுக்கு வரவும்" என்று மட்டும் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாததால் நானூறு பேர் வந்தார்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு எல்லாம் கையில். 'மிதிக்காதீர்கள்' பலகைக்கு மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு வரிசையாக உள்ளே விட்டார்கள். பளபளவென்ற கட்டங்களைப் பார்த்ததும் சனம் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டது. கட்டத்துக்கு முப்பது பேர் வீதம் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார்கள்.

நீலக் கட்டத்திலிருந்து சொர்ணம் என்ற பெண் குரல் கொடுத்தாள். "சார், எல்லாரும் நின்னாச்சு. எப்பத்தான் குடுப்பீங்க?"

"என்னம்மா குடுக்கணும்?"

"அதை நீங்கதானே சொல்லணும்? நிக்கச் சொன்னீங்க, நின்னோம்."

கடைசியில் ஆளுக்கொரு குழிப்பணியம் கொடுத்து அனுப்பினார்கள். குழுவின் அறிக்கை: 'வெறும் பாதங்களால் ஒன்பது பூச்சுகளுக்கும் எவ்விதச் சேதமும் ஏற்படவில்லை. ஒன்பதும் தேர்ச்சி.'

ஒன்பதும் தேர்ச்சி பெற்றதால் நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று ஆனது. அங்கேதான் பெரிய சிக்கல். சிவப்பு என்றால் ஒரு கட்சி, பச்சை என்றால் ஒரு கட்சி. மஞ்சளும் நீலமும் கறுப்பும் காவியும் யாராவது ஒருவருடைய கொடியில் இருந்தன. வெள்ளை போடலாம் என்றாள் தேவிப்ரியா. வெள்ளை எத்தனை கொடியில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டார் பொறியாளர். இரண்டு கூட்டம் இதிலேயே போனது. மூன்றாவது கூட்டத்தில் செயல் அலுவலர் கண்ணை மூடி வெகு நேரம் யோசித்து, யாரும் உரிமை கொண்டாடாத ஒரே நிறத்தைக் கண்டுபிடித்தார்: சிமெண்டு நிறம்.

"தரை இப்பவே அந்த நெறந்தானே சார்?" என்றார் பங்கிராஸ்.

"ஆமா. அதனாலதான் யாரும் குத்தம் சொல்ல முடியாது."

வீட்டில் அமலராணி தலையில் அடித்துக்கொண்டாள். "சிமெண்டு மேல சிமெண்டு கலர் அடிக்கவா ஏழு மாசமாக் கூட்டம் போடுறாக? ஏங்க, பேசாம நம்ம காசுல ஒரு லோடு செம்மண்ணு வாங்கி உள்ள கொட்டிருவமா?" பங்கிராஸுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் அதற்கும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

இதற்குள் அடுத்த மழை நெருங்கிவிட்டது. பூச்சு வேலையை எடுத்த கான்ட்ராக்டர், வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி லியோவையே நாள் சம்பளத்துக்குப் பிடித்தார். லியோவிடம் அரபியில் ஒரு சான்றிதழ் உண்டு. ஆரம்பத்தில் பங்கிராஸ் அவன் பேரைச் சொன்னபோது அதை நம்பாத குழு, அரபி படித்தவர்கள் இருக்கும் கோட்டைப்பட்டினம் வரை அவனை அனுப்பித் தமிழில் எழுதி வாங்கி வரச் சொன்னது. வாங்கி வந்த பிறகு, எழுதியவருக்கு அரபி தெரியும் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. இப்போது கான்ட்ராக்டர் வழியாக வந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

லியோ மெஷினை வைத்து மூன்று நாள் தரையைக் கொத்தி உரசினான். எண்ணெய் ஊறிய கறுப்புத் தோல் முழுக்கப் போய், ஜல்லியும் மணலும் சொரசொரவென்று மேலே தெரிந்தது. ஒன்பது கட்டங்களும் அதோடு போயின. பலகையைக் கழற்றிப் புளியமரத்தில் சாய்த்து வைத்தார்கள். பிறகு லியோ குழுவிடம் வந்தான்.

"சார், பூசுறதுக்கு முந்தி அடி ஈரம் இருக்கான்னு பாத்துரணும். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டாப் போதும். உள்பக்கம் வேர்த்திருந்துச்சுன்னா பூசக் கூடாது."

"பிளாஸ்டிக்கா?" செயல் அலுவலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தம்பி, இது பிளாஸ்டிக் தடை செய்யப்பட்ட வளாகம். போன மாசந்தான் கடைத்தெருவுல நாப்பது கிலோ பறிமுதல் பண்ணியிருக்கேன். என் ஷெட்டுலயே பிளாஸ்டிக்கை விரிச்சு, அதை எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னா என் கதி என்ன?"

"இது டெஸ்டுக்கு சார். மறுநாளே எடுத்துருவோம்."

"அதுக்குத்தான் மஞ்சப்பை குடுத்திருக்கோம்ல? அதை ஒட்டுங்க."

"துணி ஈரத்தைக் காட்டாது சார். காத்துல காஞ்சு போயிரும்."

"காஞ்சு போச்சுன்னா ஈரம் இல்லைன்னுதானே தம்பி அர்த்தம்?"

லியோ பங்கிராஸைப் பார்த்தான். பங்கிராஸ் மோட்டுவளையைப் பார்த்தார். நான்கு மஞ்சள் பைகளைத் தரையில் வைத்து ஓரங்களில் ஒட்டினார்கள். மறுநாள் குழு வந்து ஒவ்வொரு பையையும் தடவிப் பார்த்தது. செயல் அலுவலர் ஒரு பையைக் கன்னத்தில் வைத்தும் பார்த்தார். வறவறவென்று காய்ந்திருந்தது. 'ஈரம் இல்லை' என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது.

மணல் தூவும் விஷயத்திலும் அப்படித்தான். "பளபளன்னு பூசிட்டு அதுமேல மண்ணை அள்ளிப் போடுறதா? நாளைக்கு ஆடிட்ல வந்து, ஏன் கூட்டலைன்னு கேட்டா?" என்றார் பொறியாளர். ஆகவே மணல் இல்லை. இரண்டு கோட் சிமெண்டு நிற எபாக்சி, கண்ணாடி மாதிரி. லியோ வேலையை முடித்துவிட்டுப் பங்கிராஸின் தோளைப் பிடித்துச் சொன்னான்: "மச்சான், இதுல தண்ணி பட்டுச்சுன்னா நீங்க இறங்கிறாதீங்க. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன்."

திறப்பு விழா ஒரு வெயில் நாளில், நண்பகல் பன்னிரண்டுக்கு. லாரிக்கு மாலை, வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம் குங்குமம். பங்கிராஸ் அன்று காலை ஐந்து நடை தண்ணீர் அடித்துவிட்டு, தார்ச்சாலையில் வெந்த டயர்களோடு லாரியை மெதுவாக உள்ளே ஏற்றினார். "நீங்க கேபின்லயே உக்காந்திருங்க. போட்டோவுக்கு நல்லாருக்கும்" என்றார்கள். உட்கார்ந்திருந்தார்.

செயல் அலுவலர் மைக்கைப் பிடித்தார். "பத்து மாசத்துக்கு முன்னாடி இந்த ஷெட்டு எப்படி இருந்துச்சோ, அதே தோற்றத்துல இன்னைக்குப் பாக்குறீங்க. ஒரு சின்ன மாற்றத்தைக்கூட யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்கு நுணுக்கமா வேலை பாத்திருக்கோம்." ஐம்பது நிமிஷம் பேசினார். டயர்களின் சூட்டில் பூச்சு இளகிக்கொண்டிருந்தது. அடியில் ஈரம் அதை மெல்ல மெல்லத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. இது யாருக்கும் தெரியாது. லியோவுக்குத் தெரியும், அவனை மேடைக்குக் கூப்பிடவில்லை.

பிறகு லாரிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். ஒன்று போதாதென்று ஐந்து. தேங்காய்த் தண்ணீர் அந்தக் கண்ணாடித் தரையில் கேபின் படிக்கு நேர்கீழே வந்து தேங்கி நின்றது.

"அடுத்ததாக, இந்தத் தரைக்காக விழுந்த நம் ஓட்டுநர் பங்கிராஸ் அவர்கள் இறங்கி வந்து சால்வையைப் பெற்றுக்கொள்வார்!"

பங்கிராஸ் கதவைத் திறந்தார். கீழே பார்த்தார். தரையில் அவர் முகமே தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் டாக்டரம்மாவின் எக்ஸ்ரே படமும் தெரிந்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மேலதிகாரிக்கு மறுப்புச் சொன்னார்.

"இறங்க மாட்டேங்க சார்."

"என்னது?"

"லாரியை வெளிய எடுத்துட்டு, மண்ணுல இறங்கி வாரேங்க."

சொன்ன கையோடு ரிவர்ஸ் கியரைப் போட்டார். லாரி நகர்ந்தது. கூடவே பர்ரென்று ஒரு சத்தம், நூறு பேர் ஒரே நேரத்தில் புதுப் புடவையைக் கிழித்த மாதிரி. ஆறு டயர்களும் தரைப் பூச்சைப் பாய் பாயாக உரித்துச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தன. ஒரு பெரிய துண்டு பின் சக்கரத்தில் சிக்கி, மாலையும் வாழைக்கன்றுமாகப் புளியமரம் வரைக்கும் ஊர்வலம் வந்தது.

பொறியாளர் நிலவழகன்தான் முதலில் ஓடிப்போய் ஒரு துண்டைத் தூக்கி வளைத்துப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார். "சார்! எங்கயும் ஒரு விரிசல் இல்ல! ரெண்டு மில்லிமீட்டர், அப்பிடியே இருக்கு!" செயல் அலுவலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் அறிக்கை தயாரானது: 'பூச்சு எதிர்பார்த்ததைவிட உறுதியாக உள்ளது. தரைதான் ஒத்துழைக்கவில்லை.' மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததையும் சுரண்டி எடுத்து எல்லாவற்றையும் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். பத்து வருஷ உத்தரவாதம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

சுரண்டி முடித்த அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பங்கிராஸ் தனியாக ஷெட்டுக்குள் வந்தார். லியோ கொத்தி உரசிய தரை சொரசொரவென்று கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். மெல்லக் காலை ஊன்றினார். கால் நின்றது. இன்னொரு வாளி ஊற்றி, குதித்தே பார்த்தார். ஜல்லி செருப்பைக் கடித்துப் பிடித்தது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவ்வளவு நாளும் அவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. போனில் தேவிப்ரியா. "அண்ணே, புதுக் குழு போட்டாச்சு. இந்தத் தடவை டைல்ஸாம். சார் வீட்டு ஹால்ல போட்டிருக்காரே, முகம் தெரியிற மாதிரி, அதே டைல்ஸ். காலையில அளக்க வாராங்க."

பங்கிராஸ் இரண்டு வழியையும் யோசித்துப் பார்த்தார். தரை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நன்றாக இருப்பதையும் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் டைல்ஸ். விடியற்காலையில் எழுந்து ஷெட்டுக்குப் போனார். புளியமரத்தில் சாய்ந்து கிடந்த தகரப் பலகையை எடுத்து, காக்கை எச்சத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். லாரியை உள்ளே நிறுத்தினார்.

பத்தரைக்குக் குழு வந்தது. பொறியாளர் கையில் டேப். செயல் அலுவலர் கையில் பளபளக்கும் டைல்ஸ் துண்டு. வாசலில் அப்படியே நின்றார்கள்.

"இது யார் வச்ச போர்டு?"

"நீங்க கையெழுத்துப் போட்டதுங்க சார்."

"அதான் சோதனை முடிஞ்சு போச்சே?"

"முடிஞ்சுச்சுன்னு எனக்கு ஆர்டர் ஒண்ணும் வரலைங்களே சார். கட்டத்தைக் காவல் பாக்கச் சொன்ன ஆர்டர்தான் இருக்கு."

செயல் அலுவலர் தேவிப்ரியாவைப் பார்த்தார். அவள் ஃபைலைப் புரட்டி, "முடிவுன்னு எதுவும் போடலை சார்" என்றாள்.

"லாரி உள்ள நிக்குதே?"

"சோதனைக்குத்தாங்க சார் நிக்குது."

நிலவழகன் யோசித்தார். "பத்து வருஷம் உழைக்குதான்னு பாக்கணும்னு நாமதான் சார் மொத கூட்டத்துல தீர்மானம் போட்டோம். அது இன்னும் அமல்ல இருக்கு."

செயல் அலுவலர் பலகையை மறுபடி படித்தார். கையெழுத்து அவருடையதுதான். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவர் தன் கையெழுத்தை ஒருபோதும் மீறியதில்லை. தூக்கிய காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"சரி. யாரையும் மிதிக்க விடாதீங்க, பங்கிராஸ்."

"விட மாட்டேங்க சார்."

அவர்கள் போனதும் பங்கிராஸ் ஈரத் தரையில் விசுக் விசுக்கென்று நடந்துபோய் லாரியில் ஏறினார். பத்து வருஷச் சோதனையில் இன்னும் ஒன்பது வருஷம் மிச்சம் இருந்தது. அவருடைய சர்வீஸிலும் மிச்சம் அவ்வளவுதான்.